பந்துக்கு அஞ்சிய அரசு

"சார், மூங்கில் பிளந்து பிளந்து என் அப்பன் கை காய்த்துப்போச்சு, என் கையும் காய்த்துப்போச்சு. மகன் கையாவது பேனா பிடிக்கட்டும்னுதான் இங்கே அனுப்பினேன். இங்கேயும் முடையத்தான் சொல்லிக்கொடுக்கிறீங்களா?"

கேட்டவர், கூடை முடைந்து பிழைக்கும் ஒரு தந்தை. கேட்கப்பட்டவன், ஆசிரியப் பணி ஏற்று ஆண்டுகள் சிலவே ஆன நான். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பழைய நாட்காட்டித் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோத்து, கையகலப் பாய் பின்னிக்கொண்டிருந்தனர். அதைச் சன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார் அவர். அவர் குரலில் சினம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. "உட்காருங்கள் அண்ணே" என்றேன். ஏதோ விளக்கம் சொன்னேன். தலையை அசைத்துவிட்டுப் போனார். நான் சொன்ன மறுமொழி அவருக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. நிறைவான மறுமொழியைத் தேடி வரலாற்று ஏடுகளைப் புரட்டினேன். கண்டதைக் கூறுவதே இக்கட்டுரை.

அந்தத் தந்தையின் ஐயம் பொருளற்றதன்று. பட்டறிவில் பிறந்த ஐயம் அது. 1953-ஆம் ஆண்டு, சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்விக்குப் புதியதொரு திட்டம் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய பொழுதில் பெற்றோர் செய்யும் தொழிலில் பழக்கம் என்றது அத்திட்டம். சலவைத் தொழிலாளி மகன் துணி வெளுக்க, குயவர் மகன் மண் குழைக்க, உழுதவன் மகன் மீண்டும் உழ வேண்டும்! குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது. பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் போய்விட்டது. அது விட்டுச்சென்ற அச்சம் போகவில்லை. பள்ளியில் கைவேலை என்றதும், "பழைய விலங்கைத்தான் புதிதாகப் பூட்டுகிறார்களோ!" என்று ஏழையின் நெஞ்சு துணுக்குறுகிறது.

எனவே, கேள்வி இது: குழந்தை கையால் செய்யும் வேலையெல்லாம் குலக்கல்விதானா? கைவேலைக்கு வேறொரு வரலாறு உண்டா?

உண்டு. அது செர்மானிய மண்ணில் தொடங்குகிறது.

துரிங்கியாவின் மலைக்காட்டுச் சிற்றூர் ஒன்றில், 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், சமயகுரு ஒருவரின் வீட்டில் பிறந்தார் பிரெடரிக் பிரோபெல். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே அன்னையை இழந்தார். தந்தைக்கு ஊர்ப்பணியே பெரும்பணி. சிற்றன்னைக்கோ அவர் மாற்றாள் பெற்ற மகன். கொஞ்சுவார் இல்லாத அந்தக் குழந்தை, தோட்டத்துச் செடிகொடிகளையே தோழர்களாகக் கொண்டு வளர்ந்தது. பின்னாளில், குழந்தைகளுக்கென்று அவர் கண்ட இடத்திற்குத் 'தோட்டம்' என்று பெயரிட்டதில் வியப்பென்ன!

காட்டுப் பாதுகாவலரிடம் பயிற்சி பெற்றார். ஜேனா பல்கலைக்கழகம் சென்றார். கடன் கட்ட வழியின்றிப் பல்கலைக்கழகச் சிறையில் சில வாரங்கள் அடைபட்டார். 1805-இல் பிராங்க்பர்ட் நகரில் ஆசிரியரானார். அக்காலப் பள்ளி எப்படி இருந்தது? ஆசிரியர் சொல்வார், மாணவர் ஒப்பிப்பர். ஒப்பிக்காத முதுகில் பிரம்பு பேசும். அந்த முறையை மறுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெஸ்டலாசி. போரில் பெற்றோரை இழந்த ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கற்பித்தவர் அவர். தலை, நெஞ்சம், கை மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்றார். சொல்லைக் காட்டுமுன் பொருளைக் காட்டு என்றார். அவரது இவெர்டன் பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கிக் கண்ணாரக் கண்டார் பிரோபெல்.

பிறகு ஒரு திருப்பம். பெர்லின் பல்கலைக்கழகக் கனிமக் காட்சியகத்தில் உதவியாளர் வேலை. படிகக் கற்களைப் பிரித்து அடுக்கி வைப்பது பணி. கல்லிலும் ஓர் ஒழுங்கு, பட்டையிலும் ஒரு கணக்கு! எளிய வடிவங்கள் கூடிக் கூடிப் பெரிய வடிவங்கள் ஆவதைக் கண்டார். இந்த ஒழுங்கைக் குழந்தையின் கையில் கொடுக்க முடியுமா என்று எண்ணினார். 1817-இல் கைல்ஹாவ் என்ற சிற்றூரில் பள்ளி நடத்தினார். 1826-இல் மனிதனின் கல்வி பற்றித் தம் பெருநூலை வெளியிட்டார். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கென்றே ஒரு நிலையம் கண்டார். 1840-இல் அதற்குப் பெயர் வைத்தார்: 'கிண்டர்கார்டன்'. பொருள், குழந்தைகளின் தோட்டம்.

அத்தோட்டத்தில் பாடப்புத்தகம் இல்லை. பந்து இருந்தது. கம்பளி நூலால் பின்னிய ஆறு சிறு பந்துகள். ஆறும் ஆறு நிறம். இதுதான் பிரோபெல் வகுத்த முதல் 'பரிசு'. இரண்டாம் பரிசு, மரத்தால் ஆன உருண்டை, கனசதுரம், உருளை. உருண்டை உருளும், நிற்காது. கனசதுரம் நிற்கும், உருளாது. உருளையோ நிறுத்தினால் நிற்கும், படுக்க வைத்தால் உருளும். கனசதுரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுழற்றினால், சுழலும் வேகத்தில் அது உருளையாகத் தோன்றும். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும், சிரித்த வாய் மூடுமுன் "ஏன்?" என்று கேட்கும். அந்த 'ஏன்' பிறக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

மூன்றாம் பரிசு, எட்டுச் சிறு துண்டுகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். பொம்மையை உடைத்து உள்ளே என்ன என்று பார்ப்பது குழந்தையின் இயல்பு. நாம் அடிக்கிறோம். பிரோபெல், பிரித்துப் பார்க்கவும் திரும்பச் சேர்க்கவும் கூடிய பொருளைக் கையில் கொடுத்தார். பாதி, கால், அரைக்கால் என்பன வாய்ப்பாடாக வருமுன் விரல்களுக்குத் தெரிந்துவிடுகின்றன.

இவற்றோடு கைப்பணிகள் பல. தாளில் ஊசியால் துளையிட்டு உருவம் காணல், துளைவழி நூல் கோத்தல், தாள் மடித்தல், வெட்டி ஒட்டல், களிமண் பிசைதல், தாள் கீற்றுகளால் பாய் பின்னல். ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைச் செருகி, முக்கோணமும் சதுரமும் வீடும் ஏணியும் கட்டுவது இன்னொன்று. பட்டாணி காய்ந்ததும் கட்டு இறுகிவிடும். என்ன செலவு? ஒரு கைப்பிடி பட்டாணி! அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் புல்லர் என்ற கட்டட அறிஞர், 1899-இல் நான்கு வயதுச் சிறுவனாக, பார்வை மங்கிய கண்களோடு, இந்தப் பட்டாணி வேலையைத் தொட்டுத் தொட்டே செய்தார். சதுரம் ஆடுகிறது, முக்கோணம் ஆடவில்லை என்று விரலால் உணர்ந்தார். முக்கோணங்களால் பெரும் குவிமாடங்கள் எழுப்பி உலகப் புகழ் பெற்ற பிறகும், அந்தப் பட்டாணியை மறவாமல் நினைவுகூர்ந்தார்.

பந்து, பட்டாணி, மரத்துண்டு, தாள். இவற்றைக் கண்டு யாருக்கு அச்சம் வரும்?

வந்தது! பீரங்கியும் பெரும்படையும் வைத்திருந்த பிரஷ்ய அரசுக்கு வந்தது! 1848-இல் ஐரோப்பாவெங்கும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை அடக்கிய அரசுகள், அடுத்து அதன் வித்து எங்கே என்று தேடின. 1851 ஆகஸ்ட் 7-ஆம் நாள், பிரஷ்யக் கல்வி அமைச்சர் ராவ்மரின் ஆணை பிறந்தது: குழந்தைத் தோட்டங்கள் மூடப்பட வேண்டும்! குற்றச்சாட்டு என்ன? சமதர்மத் திட்டத்தின் ஒரு பகுதி அவை. இளைஞரை நாத்திகத்துக்கு இழுப்பவை!

விந்தை என்னவென்றால், பிரோபெல் நாத்திகர் அல்லர். அழுத்தமான கடவுள் நம்பிக்கை உடையவர். அவருடைய அண்ணன் மகன் கார்ல் பிரோபெல் பெண்கல்வி பற்றியும் குழந்தைத் தோட்டம் பற்றியும் எழுதிய சிறு நூலை, இவர் கொள்கையோடு போட்டுக் குழப்பிக்கொண்டார் அமைச்சர். "அவர் வேறு, நான் வேறு" என்று எடுத்துக் கூறினார் முதியவர். தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் தடை நீக்கப்படவில்லை. ஆள் மாறாட்டம் மட்டுமே காரணமென்றால் ஒரு கடிதத்தில் தீர்ந்திருக்குமே! தீரவில்லை என்றால், அச்சத்தின் வேர் வேறெங்கோ இருந்தது என்பதே என் கருத்து.

அத்தோட்டங்களைத் தாங்கி நின்றவர் யார்? மக்களாட்சி வேட்கை கொண்டோர்; மத பீடங்களின் பிடியை விட்டு விலகிய குழுவினர்; அடுப்படி தாண்டி ஆசிரியப் பணிக்கு வரத் துடித்த பெண்கள். இளம்பெண்களைக் குழந்தை ஆசிரியைகளாகப் பயிற்றியவர் பிரோபெல். தானே தொட்டுப் பார்த்து, தானே பிரித்துப் பார்த்து, தானே முடிவு காணும் குழந்தை, வளர்ந்த பின் ஆணையைக் கண்டதும் தலைதாழ்த்துமா? 'ஏன்?' என்று கேட்குமே! அந்த ஒரு சொல்லுக்குத்தான் அரசுகள் அஞ்சின; அஞ்சுகின்றன.

தடை விழுந்த பத்தாவது திங்களில், 1852 ஜூன் 21-இல், பிரோபெல் மறைந்தார். அவரது கல்லறையின் மீது உருண்டையும் உருளையும் கனசதுரமும் கல்லில் வடித்து வைத்தனர் அன்பர்கள். 1860-இல் தடை நீங்கியது. அதைக் காண அவர் இல்லை.

ஆனால், விதையைக் காலால் எற்றினால் அது நாலாபுறமும் சிதறி முளைக்கும் அன்றோ! நாடு துறந்து சென்ற செர்மானியர், தோட்டத்தையும் தம்மோடு கொண்டு சென்றனர். 1856-இல், அமெரிக்காவின் விஸ்கான்சினில், மார்கரெட் சுர்ஸ் என்னும் பெண்மணி தம் மகளையும் உறவினர் குழந்தைகளையும் வைத்துத் தம் இல்லத்திலேயே அந்நாட்டின் முதல் குழந்தைத் தோட்டத்தை நடத்தினார். 1873-இல் செயின்ட் லூயிஸ் நகரில், சூசன் புளோ அம்மையார், பொதுப்பள்ளியிலேயே அதை ஏற்படுத்திக் காட்டினார். வீட்டுக் கூடத்தில் தொடங்கியது, பொதுமக்கள் வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகத் தொடங்கிற்று. 1876-இல் டோக்கியோ நகரம் அதை வரவேற்றது.

நம் நாட்டுக்கு வந்ததா? வந்தது, அதுவும் சென்னைக்கு வந்தது. வந்தது மட்டுமன்று, உலகுக்கு ஒன்றைத் திருப்பியும் தந்தது!

சென்னையில் வாழ்ந்த சுந்தர ராவ் என்பவர், பிரோபெல் முறையின் எட்டாம் பரிசாக விற்கப்பட்ட தாள் மடிப்புப் பெட்டி ஒன்றைக் கண்டார். இருநூறு வண்ணச் சதுரத் தாள்களும், மடிப்பதற்கான குறிப்புகளும் அடங்கிய பெட்டி அது. மற்றவர்கள் அதில் படகும் பறவையும் கண்டார்கள். அவர் அதில் வடிவக்கணிதம் முழுவதையும் கண்டார். அளவுகோலும் கவராயமும் இன்றி, சதுரத் தாளை மடித்து மடித்தே முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் எல்லாம் பெறலாம். அதற்கும் மேலே, உயர்கணக்கில் வரும் வளைகோடுகளின் புள்ளிகளையும் குறிக்கலாம் என்று காட்டி, 1893-இல் சென்னையில் ஆங்கில நூலாக அச்சிட்டார். செர்மானியக் கணிதப் பேரறிஞர் பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் நூலில் குறிப்பிட்டார். அதைப் படித்த அமெரிக்கப் பேராசிரியர் இருவர், 1901-இல் சிக்காகோவில் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தனர். செர்மானியக் காட்டூரில் பிறந்த விளையாட்டு, சென்னையில் கணக்காகி, மீண்டும் கடல் கடந்து சென்றது!

அந்நூல் நமக்குச் சொல்வது என்ன? மூன்று வயதுக் குழந்தை மடிக்கும் அதே தாளை, முப்பது வயது அறிஞனும் மடிக்கலாம். அதில் ஏறிச்செல்லப் படிகள் உண்டு. சதுரத் தாள் ஒன்றை எடுத்து, நான்கு முனைகளையும் நடுப்புள்ளியில் சேரும்படி மடியுங்கள். சிறிய சதுரம் கிடைக்கும். "இது முன்னதில் எவ்வளவு?" என்று கேளுங்கள். முழுவதும் இரண்டு மடிப்பாக இருப்பதைப் பார்த்து, "பாதி" என்பான் சிறுவன். முக்கோணத் தாள் ஒன்றை, நீண்ட பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, உச்சியிலிருந்து நேர்கீழே அடிக்கோட்டில் ஒரு புள்ளி குறியுங்கள். மூன்று முனைகளையும் அப்புள்ளியில் கொண்டுவந்து மடியுங்கள். மூன்று கோணங்களும் அருகருகே அமர்ந்து ஒரே நேர்கோடாகிவிடும். 180 பாகை என்று மனப்பாடம் செய்தவன் மறக்கலாம். மடித்துப் பார்த்தவன் மறப்பதில்லை.

இன்னொரு வரலாறும் கேளுங்கள். 1907 ஜனவரி 6-ஆம் நாள், உரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், 'குழந்தைகள் இல்லம்' ஒன்று திறந்தார் மருத்துவர் மரியா மாண்டிசோரி. தாய் தந்தையர் வேலைக்குப் போன பின் படிக்கட்டுகளிலும் முற்றங்களிலும் திரிந்த பிள்ளைகளுக்கு, தொட்டுணரும் பொருள்களைக் கொடுத்தார். அப்பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் கற்றுவிட்டதைக் கண்டு ஐரோப்பா வியந்தது. 1939-இல் அந்த அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் முறை பிறந்த இடம் சேரி. இன்று நம் ஊர்களில் அவர் பெயர் தொங்கும் இடமோ, ஏழை எட்டிப் பார்க்க முடியாத கட்டணப் பள்ளியின் வாயில்! சேரியில் பிறந்த கல்வியைச் சீமான்கள் எடுத்துக்கொண்டு, சேரிப்பிள்ளைக்கு ஒப்பித்தலையும் பிரம்பையும் விட்டுவைத்தார்கள். என்ன நீதி இது?

இப்போது அந்தத் தந்தைக்கு என்னால் மறுமொழி கூற முடியும் என்று தோன்றியது. கைவேலையை மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம்.

யாருக்கு? குலக்கல்வி, குயவர் பிள்ளைக்கு மட்டும் களிமண் கொடுத்தது. குழந்தைத் தோட்டம், அமைச்சர் பிள்ளைக்கும் குயவர் பிள்ளைக்கும் ஒரே களிமண்ணைக் கொடுத்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக வைத்தால் அது கல்வி. பிறப்பைப் பார்த்துப் பிரித்து வைத்தால் அது சூழ்ச்சி.

எதற்கு? கூடை முடைந்தால் கூடை வேண்டும், விற்க வேண்டும். வகுப்பில் பின்னும் பாய் விற்பதற்கன்று; பின்னி முடித்ததும் பிரித்துப் போட்டாலும் இழப்பில்லை. அதன் விளைவு பொருளன்று, கேள்வி.

எதுவரை? குலத்தொழில் பிள்ளையைத் தந்தை நின்ற இடத்திலேயே நிறுத்தும். தாள் மடிப்போ, சுந்தர ராவின் நூல் காட்டுவது போல, வட்டத்துக்கும் வளைகோட்டுக்கும் ஏற்றிச் செல்லும். பிள்ளை மேலே ஏறுகிறானா என்று பாருங்கள். ஏறினால் அது ஏணி, ஏறாவிட்டால் அது வேலி.

ஆசிரியர்களாகிய நமக்கும் இந்த மூன்று கேள்விகள் வேண்டும். கேள்வி கேட்காமல், "இப்படி மடி, அப்படி ஒட்டு" என்று மட்டும் சொல்லி, கண்காட்சிக்கு நாற்பது பிள்ளைகளின் கையிலிருந்து நாற்பது ஒரே மாதிரிப் பூக்களை வாங்குவோமானால், அதுவும் ஒப்பித்தலே. வாய்க்குப் பதில் கை ஒப்பிக்கிறது. பெட்டி வாங்கப் பணமில்லை என்றும் சொல்ல வேண்டா. ஈர்க்குச்சியும் ஊறிய கொண்டைக்கடலையும் பட்டாணி வேலைக்குப் போதும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, வடிவத்துக்குப் பனையோலை, மடிக்கப் பழைய செய்தித்தாள். இல்லாதது பொருளன்று, பிள்ளை பேசும்போது காத்திருந்து கேட்கும் பொறுமைதான்.

சில நாள் கழித்து, அந்தத் தந்தையை மீண்டும் வரச் சொன்னேன். மேற்சொன்ன வரலாறு எதையும் நான் விரிக்கவில்லை. அவர் மகனையே அழைத்து, அவன் பின்னிய தாளைக் கையில் கொடுத்தேன்.

"ஒன்பதாவது வரிசை மேலே தொடங்குமா, கீழே தொடங்குமா?"

தாளில் ஆறு வரிசைகளே இருந்தன. பையன் தாளைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். "மேலே, சார். ஒண்ணு, மூணு, அஞ்சு எல்லாம் மேலேதானே! ஒன்பதும் ஒத்தைப்படை."

"நூறாவது?"

"கீழே!"

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்களும் எண்ணித்தான் சார் முடையறோம். எண்ணாம முடைஞ்சா கூடை கோணிக்கும். ஆனா, அதுக்குக் கணக்குன்னு பேருன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே!"

அவர் சொன்னது குற்றச்சாட்டு. என் மீதன்று, தலைமுறை தலைமுறையாக அவர் கையில் இருந்த கணக்கை மறைத்து, அவர் கைக்குக் காய்ப்பை மட்டும் கூலியாகக் கொடுத்த சமுதாயத்தின் மீது! உழைக்கும் கையிலும் அறிவு இருந்தது. அந்த அறிவுக்குரிய பெயரையும் பள்ளியையும் பட்டத்தையும் வேறு சிலர் வைத்துக்கொண்டார்கள்.

தோழர்களே! கைவேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையோடு நின்றுவிடும் வேலை வேண்டாம் என்கிறோம். நம் பிள்ளைகள் தாளை மடிக்கட்டும், மண்ணைப் பிசையட்டும், குச்சியைக் கோக்கட்டும். எல்லாப் பிள்ளையும் ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்து செய்யட்டும். செய்தபின், "ஏன்?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடைசொல்ல ஆசிரியர் இருக்கட்டும். அஞ்சுகிற அரசு இருந்தால், அது அஞ்சிவிட்டுப் போகட்டும்.